பீரோவுக்குள் ரிவால்வர்

பாடாலூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த சாமிதுரைக்குப் பழைய யுத்தச் சாமான்கள் என்றால் உயிர். பர்மா சண்டைக்குப் போனவர்களின் வீடுகளைத் தேடிப்பிடித்து இரும்புத் தொப்பி, தண்ணீர்க் குடுவை, மெடல் என்று கேட்டு வாங்கி வந்து முன்னறையில் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்தான்.

1998-ல் பூலாம்பாடி செல்வம்மாள் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பட்டாளத்தில் இருந்த மாமனார் இறந்தபின் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம். எண்ணெய்த் துணியைப் பிரித்தால் ரிவால்வர்.

"வூட்ல வச்சிருக்கப் பயமா இருக்கு தம்பி. வேணாம்னா சொல்லுங்க, கெணத்துல போட்டுர்றேன்."

லைசென்ஸ் இல்லாததைத் தொடக் கூடாதென்று அவனுக்குத் தெரியும். பக்கவாட்டில் பொறித்திருந்த 1942 என்ற எண்ணைப் பார்த்ததும் கை நீண்டுவிட்டது.

அன்றோடு நிம்மதி போயிற்று. யாருக்கும் காட்ட முடியாது. மனைவி மலர்கொடிக்கும் சொல்லாமல் பீரோவில் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டான். போலீசில் கொடுத்தால் செல்வம்மாள் பெயரைக் கேட்பார்கள். இத்தனை நாள் ஏன் வைத்திருந்தாய் என்பார்கள். நாள் ஏற ஏற அந்தக் கேள்வியும் கனத்தது. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் ஓர் இரவு தங்க முடியவில்லை.

2001 தேர்தல் சமயம் போட்டோ எடுக்க வந்த ஏட்டு, கண்ணாடிக்குள் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "துப்பாக்கி கிப்பாக்கி ஏதும் இருக்கா?"

"இல்லீங்க சார்."

இப்போது போலீசிடமே பொய்யும் சொல்லியாயிற்று. அன்று அவன் சோற்றைத் தொடவில்லை.

மலர்கொடி நேராகக் கேட்டாள். "பீரோவுல என்ன இருக்கு? எவளோட லெட்டரு?"

வேறு வழியில்லாமல் திறந்து காட்டினான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்கா மூணு வருசமா எங்கம்மா வூட்டுக்குக் கூட என்னோட வரல?" கையை ஊன்றி எழுந்தாள். "சட்டையப் போடுங்க. ரெண்டு பேருமா போவோம்."

பழைய சாமான் மூட்டையில் வந்ததாகவே ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தான். செல்வம்மாள் பெயர் வரவில்லை. கண்ணாடிக்குள் இருந்த அத்தனையும் போலீஸ் ஜீப்பில் ஏறின. வழக்கு இரண்டரை வருடம் நடந்தது. வாய்தாவுக்கு வாய்தா பெரம்பலூர் பஸ்.

கடைசியில் தானே வந்து ஒப்படைத்ததை மனதில் வைத்து நீதிபதி, அபராதமும் கோர்ட் கலையும்வரை சிறையும் என்றார். அன்று கோர்ட் முடியும்வரை அங்கேயே இருந்தால் போதும்; சாமிதுரை மூலை பெஞ்சில் போய் உட்கார்ந்தான். வேறு யாருடைய வழக்கோ நடந்துகொண்டிருந்தது. சுவரில் தலை சாய்ந்ததும் கண் சொக்கிவிட்டது.

சாயங்காலம் போலீஸ்காரர் தோளைத் தட்டினார். "எந்திரிங்க, வூட்டுக்குப் போலாம்."

வாசலில் மலர்கொடி இரண்டு பேருக்கும் டீ வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள்.