வீங்காத வியாழக்கிழமை

எட்டு மாசம் காத்திருந்து கிடைச்ச நாள் அது. அதை என் புருஷன் டாரில் ஒரு சட்டைப் பொத்தானுக்காகத் தொலைச்சான். பக்கத்துலயே உக்காந்து வாயை மூடிக்கிட்டு இருந்தவ நான்.

டாரிலுக்கு முடக்குவாதம். விரல், மணிக்கட்டு, முழங்கால்னு மூட்டுக்கு மூட்டு வீங்கிச் சிவந்து கிடக்கும். நாலாயிரம் செம்மறி வச்சிருக்கிற மனுஷன், டீக் கோப்பையை ரெண்டு உள்ளங்கையால அணைச்சுத்தான் தூக்குவான். எந்த மாத்திரைக்கும் நோய் கேக்கல. மிச்சம் இருந்தது ஒரு ஊசிதான். வீங்கின மூட்டு இத்தனைன்னு மூட்டு டாக்டர் எண்ணி எழுதினாத்தான் அரசாங்கம் அதைக் குடுக்கும். எங்க பக்கத்துல மூட்டு டாக்டருக்கு எங்க போக? தூரத்துல பிரிஸ்பேன் நகரத்துல இருக்கிற டாக்டரம்மாவைத் திரையிலதான் பாக்கணும். அதுக்கும் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி டவுன் கிளினிக்குக்குப் போகணும். எங்க வீட்டு இன்டர்நெட்டுல மூஞ்சி தெரிஞ்சா குரல் வராது.

அந்த வியாழக்கிழமை விடியக்காலையில சட்டையோட மல்லுக்கட்டிக்கிட்டு நின்னான். நான் போட்டு விடறேன்னேன். என் கையைத் தட்டி விட்டான். ரொம்ப முடியாத நாளுக்குன்னு வச்சிருந்த ஸ்டீராய்டு மாத்திரை ஆறையும் ஒரே வாயில போட்டுக்கிட்டான்.

"அடப்பாவி! இன்னிக்குத்தானேய்யா வீக்கத்தைக் காட்டணும்?"

"கிளினிக்குல பாதி ஊரு உக்காந்திருக்கும். பொண்டாட்டி பொத்தான் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கான்னு சிரிப்பானுங்க. போ, உன் வேலையைப் பாரு."

மத்தியானம் கிளம்பி மூணு மணிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள விரலெல்லாம் இளகி, வீக்கம் வடிஞ்சு போச்சு. நர்ஸ் கெயில் திரையைப் போட்டு விட்டா. ஒவ்வொரு மூட்டா அமுக்கிப் பாத்து டாக்டரம்மாகிட்ட சொல்ல வேண்டியவ அவதான். அந்த நேரம் பாத்து, கம்பளி வெட்டுறவன் ஒருத்தன் கையைக் கிழிச்சுக்கிட்டு ரத்தம் சொட்டச் சொட்ட வந்துட்டான். கெயில் ஓடிட்டா.

"எப்படி இருக்கீங்க டாரில்?"

"பரவால்ல டாக்டர். குறை ஒண்ணும் இல்ல."

இந்த ஊர் ஆம்பளைங்களுக்கு இதுவே ஒரு வியாதி. காலே கழண்டு விழுந்தாலும் பரவால்லன்னுதான் சொல்லுவானுங்க.

"கையை மூடிக் காட்டுங்க."

இறுக்கமா மூடிக் காட்டினான், கூறுகெட்டவன். மூஞ்சியில பெருமை வேற!

"காலையில எவ்வளவு நேரம் விறைப்பா இருக்கும்?"

"டீ குடிக்கிற வரைக்கும் டாக்டர்."

அந்த டீயைக் குடிக்கவே அவனுக்குப் பதினோரு மணி ஆகும். அது அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?

"மாத்திரை ஏதாவது கூடப் போட்டீங்களா?"

"எப்பவும் போடறதுதான்."

நான் வாயைத் திறந்தேன். டாரில் திரும்பி என்னைப் பாத்தான். முப்பத்தோரு வருஷத்துல அவன் என்கிட்ட எதுக்கும் கெஞ்சினதில்ல. அன்னிக்குக் கண்ணாலயே கெஞ்சினான். நான் அப்படியே அடங்கிட்டேன்.

"நல்லா கட்டுப்பாட்டுல இருக்கு. ஊசி இப்ப வேண்டாம். ஏழு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

அவ்வளவுதான். திரை அணைஞ்சுது.

வெள்ளிக்கிழமை கெயிலுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் கொட்டினேன். "நான் எழுதி அனுப்பறேன் ஜெனின். ஆனா மறுபடி பாக்காம அவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க. யாராவது வரலன்னா அந்த நேரத்தை உங்களுக்குத் தரேன்"னா. அப்படி ஒரு நேரமும் காலியாகல.

திங்கக்கிழமை வீக்கம் முன்னைவிட மோசமா திரும்பி வந்துச்சு. வீட்டுல அந்த ஸ்டீராய்டு ஒண்ணுகூட மிச்சம் இல்ல. ஆட்டுக்குத் தண்ணித் தொட்டி பாக்கணுமே, போய்த்தான் ஆகணும். நான் வண்டி ஓட்டினேன். வழியில மேய்ச்சல் வேலிக்கு வேலி ஒரு கேட் இருக்கும். பக்கத்துல உக்காந்து வர்றவங்கதான் இறங்கிக் கேட்டைத் திறக்கணும், எங்க பக்கத்து வழக்கம். டாரில் இறங்கினான். கொக்கியிலேருந்து சங்கிலியை எடுக்கணும், வேற ஒண்ணுமில்ல. உள்ளங்கையால தள்ளினான். மணிக்கட்டால நெம்பினான். குனிஞ்சு பல்லால கடிச்சு இழுத்தான். நான் இறங்கல. எனக்கு அவ்வளவு ஆத்திரம். படட்டும்னு உக்காந்திருந்தேன்.

கடைசியில என் ஜன்னல்கிட்ட வந்து நின்னான். கன்னமெல்லாம் ஈரம்.

"நீயாவது சொல்லியிருக்கலாமே ஜெனின்."

அன்னிக்கு என்னை அப்படிப் பாத்தது யாருய்யான்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்த முடியல. அவன் மானத்தை வாங்கியாவது நான் சொல்லியிருக்கணும்.

இறங்கிப் போய்க் கேட்டைத் திறந்தேன். வண்டியை உள்ள விட்டேன். மறுபடி இறங்கி மூடினேன். அடுத்த கேட் வந்தப்போ அவன் அசையல. கையை மடியில போட்டுக்கிட்டு நேரா பாத்துக்கிட்டு இருந்தான். நானே இறங்கினேன். இன்னும் மூணு கேட் இருந்துச்சு.