சட்டப்படி ஒரு வேலை

மெக்னேஸ் ஊரில் ஆலிவ் பொறுக்கும் கொட்டகைக்குத் தொழிலாளர் அதிகாரி வந்துவிட்டார் என்றதும் மிலூதா ஓடி ஒளிந்தாள். முதலாளி பயந்தால் நியாயம், கூலிக்காரிக்கு என்ன பயம் என்று கேட்பீர்கள். சட்டப்படி பேரைப் பதிந்துவிட்டால் அவள் சம்பளக்காரி. சம்பளக்காரிக்கு அரசின் மாத உதவி கிடையாது, இலவச மருந்து அட்டையும் கிடையாது. அந்த அட்டையில்தான் ஒன்பது வயது மகள் ரஜாவுக்கு இன்சுலின் வருகிறது. வேலைக்கென்று தனிக் காப்பீடு உண்டு. அது கைக்கு வர இத்தனை நாள் உழைத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. அதற்குள் ஆலிவ் பருவமே முடிந்துவிடும். பிறகு பழைய உதவிக்கு மறுபடி மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊசி காத்திருக்குமா?

அவள் தெருவே இப்படிப் பயந்துதான் கிடந்தது. செல்போனில் காசு போட்டால் குடும்பத்துக்கு அரசு போடும் வசதிப் புள்ளி ஏறும், ஏறினால் உதவி நிற்கும் என்று ஒருத்தரும் போடுவதில்லை. சென்ற மாதம் முதலாளி அவளை மேஸ்திரியாக்கக் கூப்பிட்டான். மேஸ்திரிக்குச் சம்பளம் வங்கியில் விழும். தலைசுற்றல் என்று பொய் சொல்லித் தப்பித்தாள். முன்னேறவும் பயப்பட வேண்டும் என்றால் இதெல்லாம் ஒரு பிழைப்பா!

உப்புத்தண்ணீர்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் குந்தியிருந்தவளை அதிகாரியம்மா கண்டுபிடித்துவிட்டார்.

"இங்க வேலை பாக்குறியாம்மா?"

"இல்லீங்க. சும்மா ஆலிவ் வாங்க வந்தேன்."

அதிகாரியின் பார்வை அவள் கைகளுக்குப் போனது. விரலெல்லாம் கறுப்புக் கறை. மிலூதா கைகளை அங்கிக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்த அம்மா நல்லவர். அதுதான் வினை. முதலாளி மிரட்டி வைத்திருக்கிறான் என்று முடிவுகட்டி அவனை வறுத்தெடுத்தார். அபராதம் என்ற சொல் காதில் விழுந்ததும், பெட்டியில் பூட்டி வைத்திருந்த கூலிக்காரிகளின் அடையாள அட்டை நகல்களை ஒன்றுவிடாமல் நீட்டிவிட்டான். என் பேர் வேண்டாம் என்று மிலூதா கெஞ்சினாள். மகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். கூலி வாங்கிக்கொண்டே உதவியும் வாங்கினாயா, எல்லாவற்றையும் திருப்பிக் கட்டு என்பார்களோ என்று பயந்து சொல்லாமல் விட்டுவிட்டாள்.

அதிகாரி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாத தங்கச்சி. இனிமே உன்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. மொதல் பேரே உன்னோடதுதான் எழுதியிருக்கேன்."

வீட்டில் இருக்கும் இன்சுலின் இன்னும் பன்னிரண்டு நாளைக்குத்தான் வரும்.