பழைய பெயரில் போன சீட்டுகள்

ஆரியசாலையில் நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கும் கொட்டகையில், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று நின்றே ஜெபமலருக்கு முழங்கை வரைக்கும் தழும்பு. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. கல்ஃபுக்குக் கட்டிட வேலைக்குப் போன புருஷன் சத்தியநேசன் உயிரோடு இருக்கிறானா என்று ஒரு வார்த்தை தெரிந்தால் போதும் அவளுக்கு.

ஏஜெண்டு சொன்ன கம்பெனியில் அவன் இல்லை. ஓடிப்போய்விட்டான் என்றார்கள். கரமனையில் இருந்த ஒரு தொழிலாளர் சங்கம் அப்படித் தொலைந்தவர்களின் படங்களை இன்டர்நெட்டில் போட்டது. அந்த வெப்சைட்டைச் செய்தவன் அக்ரகாரத்துப் பையன் ஸ்ரீநிவாஸ். சத்தியநேசன் படமும் அதில் ஏறியது.

கல்ஃபுக்குப் போகிறவன் சிப்ஸ் வாங்காமல் விமானம் ஏறமாட்டான். ஜெபமலர் அதைப் பிடித்துக்கொண்டாள். சீல் வைப்பதற்கு முன்னால் பாக்கெட்டுக்குள் ஒரு சீட்டு. அதில் புருஷன் படம், வெப்சைட் பெயர், அதே பெயரில் ஓர் ஈமெயில். அவளுக்கு ஏது போன்? கடை முதலாளி நெல்லையப்பன் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"ஏட்டி, நான் விக்கது சிப்ஸா, உன் மாப்பிள்ளையா?"

கத்தியவர்தான் பிறகு சீட்டு அடிக்க பிரஸ்ஸில் சொல்லிவிட்டதும்.

மூன்று ஓணம் போனது. 2004 ஓணத்துக்கு லீவில் வந்த பிளம்பர் தங்கையன் கடை வாசலில் நின்றான். கையில் எண்ணெய் ஊறிய சீட்டு.

"அக்கா, இது உங்க ஆளா? நாங்க தங்குற கேம்புக்குப் பின்னால லாரி கழுவுற இடத்துல கெடந்தாரு. கால் ஒடிஞ்சிருந்து. பேப்பர் இல்லாததுனால ஆஸ்பத்திரிக்குப் போவப் பயம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எப்பளாக்கும் பாத்தீரு?"

"ஈஸ்டருக்கு முந்தி. இந்த ஈமெயிலுக்கு ரெண்டு தடவ எழுதினேன். ஒருத்தரும் பதில் தரல்ல. வெப்சைட்டத் தொறந்தா சீட்டாட்டமும் அவுத்துப்போட்ட பெண்ணுங்களும். இது ஏதோ தட்டிப்பு, ஏமாத்து வேலன்னு விட்டுட்டேன்."

"இப்ப எங்க இருக்காரு?"

"போலீஸ் வாரிட்டுப் போச்சாம். பின்னே ஒண்ணும் தெரியாது அக்கா."

கட்டியிருந்த எண்ணெய்ச் சேலையோடு அவள் கரமனைக்கு பஸ் ஏறினாள். பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

சங்க ஆபீஸில் ஸ்ரீநிவாஸ் சீட்டிலிருந்த பெயரைத் தட்டினான். சீட்டாட்டம்தான் வந்தது. சட்டென்று மூடினான்.

"போன வருஷம் வெப்சைட்டப் புதுப் பேருக்கு மாத்தினோம் சேச்சி. செக்ரட்டரிக்குச் சங்கத்தோட முழுப் பேரும் அதுல வேணுமாம். பழைய பேரையும் வருஷா வருஷம் புதுப்பிச்சு வெச்சுண்டிருந்தா, அதைத் தட்டறவா தானா புதுசுக்கு வந்துடுவா. மெயிலும் வந்திருக்கும். நான் சொன்னேன். ‘ஒரு சங்கத்துக்கு எதுக்குடா ரெண்டு பேரு’ன்னுட்டா. கெடு முடிஞ்சதும் எவனோ எடுத்துண்டுட்டான்."

"திரும்பி வாங்க முடியாதா?"

"எழுதிப் பாத்தேன். யாருன்னே தெரியலை."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சாமி. நான் இன்னைக்குக் காலம்பறயும் அந்தப் பேரத்தானே உள்ள வச்சு அனுப்பினேன்."

அவன் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்க சீட்டு ஞாபகத்துக்கு வரலை" என்றான். பிறகு புதிய பக்கத்தைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினான். "இதுல உங்க வீட்டுக்காரர் படம் பெரிசா, தெளிவா இருக்கு, பாருங்கோ."

தெளிவாகத்தான் இருந்தான். கல்யாணத்துக்கு எடுத்த சட்டை. காலரில் ஒட்டுப் போட்டதுகூடத் தெரிந்தது. அந்தப் புதுப் பெயரை அச்சடித்த காகிதம் ஒன்றுகூடக் கடல் தாண்டிப் போகவில்லை. பழைய பெயரோடு போனதெல்லாம் கேம்பு கேம்பாகக் கட்டிலுக்கு அடியிலும் பர்ஸுக்குள்ளும் கிடக்கிறது. எவன் கையிலிருந்து எதைப் பிடுங்க?

அவள் கடைக்குத் திரும்பியபோது நெல்லையப்பன் கேட்டார். "புதுச் சீட்டு அடிக்கச் சொல்லட்டா?"

"அந்தப் பேரையும் மாத்துவாவ அண்ணாச்சி."

"அப்பம் போன் நம்பர் போடுவோம். நம்ம கடை நம்பர்."

"போலீஸ் கொண்டு போன ஆள எந்த சிப்ஸ் தின்னவன் அண்ணாச்சி பாப்பான்?"



பெட்டியும் கையுமாக ஒருவன் வந்து நின்றான். நாளைக்கு ஃபிளைட், நல்லா பேக் பண்ணணும் என்றான். ஜெபமலர் பாக்கெட்டை நிரப்பினாள். பழக்கத்தில் கை சீட்டுக் கட்டுக்குப் போனது. இழுத்துக்கொண்டாள். சூடான கம்பியில் பாக்கெட்டின் வாயை அழுத்தி மூடிக் கொடுத்துவிட்டு, அடுத்த கூடைக் காயைச் சட்டியில் தட்டினாள்.