இரண்டு வருஷம் தாண்டி

…எடுத்துப் போட்டாயிற்றே, கருப்பையே இல்லையே, இல்லாத இடத்துக்கு எப்படித் திரும்பி வரும் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, அஃப்ரியே டாக்டரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், நகம் ஒட்ட வெட்டிய விரல்கள், அக்காவின் உயிரை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே போயின. புற்று பழைய இடத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை, நுரையீரலிலும் புள்ளிகள் தெரிகின்றன, ஒரு விரல். போன தடவையே கதிர்வீச்சு கொடுத்தாகிவிட்டது, அதே இடத்தில் மறுபடி கொடுப்பது கஷ்டம், இன்னொரு விரல். வேகமாகப் பெருகுகிற ஜாதி, அதுவும் மடங்கியது. ஒன்று மட்டும் நின்றது. "வைத்தியம் முடிஞ்சு ரெண்டு வருஷம் தாண்டித்தான் திரும்பியிருக்கு. சீக்கிரம் வந்தா மோசம், தள்ளி வந்தா கொஞ்சம் இடம் கொடுக்கும். இது ஒண்ணுதாம்மா நம்ம பக்கம்." மருந்து ஏற்றிப் பார்க்கலாம், அக்காவிடம் பேசிவிட்டு நாளைக்குக் கூட்டிக்கொண்டு வா என்றார். இதில் நாங்கள் செய்யக்கூடியது எது டாக்டர்? அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிஞ்சதும்மா…"

நடந்து முடிந்தது. அப்படியென்றால் இந்த ட்ரோட்ரோ வண்டியில் உட்கார்ந்துகொண்டு எதற்காகக் கையை இப்படிப் பிசைய வேண்டும், நடந்து முடிந்ததற்கு யாராவது கை பிசைவார்களா, "தாஃபோ, தாஃபோ" என்று கண்டக்டர் ஊர்ப் பேரைக் கத்துகிறான், பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு ஒரு பெண், "அம்மா, கூடைக்கும் சேர்த்து டிக்கெட் எடுங்க, அது உங்களவிட அகலமா உக்காந்திருக்கு" என்கிறான், "உன் பொண்டாட்டியவிட ஒல்லிதான்டா, போ" என்கிறாள் அவள், வண்டியே சிரிக்கிறது, அஃப்ரியேவும் சிரித்துவிட்டாள், சிரிக்கிறேனே, எப்படி… நம்ம பக்கம். ஒன்றாவது இருக்கிறதே. இந்த வருஷ ஈஸ்டர் கழிந்துதான் மறுபடி ரத்தம் பட்டது என்று கொனாடு அக்கா சொன்னாள், அதை அப்படியே டாக்டரிடம் சொன்னாள் அஃப்ரியே, அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்துத் தலையாட்டினார், இரண்டு வருஷம் தாண்டி, அந்த வார்த்தைகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டது போலத்தான் இவ்வளவு தூரம் வந்தாள். கருவாட்டுக்காரி இறங்குகிறாள். கூடையைத் தலையில் வைத்துவிட்டுத் திரும்பி, உட்கார்ந்த இடத்தை ஒரு பார்வை பார்க்கிறாள், மீன் தண்ணீர் பட்டிருக்கிறது, முந்தித் துணியால் துடைக்கிறாள்…

அந்தப் பார்வை. எங்கே பார்த்தேன் அதை. மாமாவின் சாவுக்கு, போன வருஷம் முதல் மழையில், தொண்ணூறு தாண்டிய மனிதர், அழ ஆளில்லை, ஆட ஆளிருந்தது, சனிக்கிழமை கருப்பு கட்டிப் புதைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நிறைந்த ஆயுசுக்கு நன்றி சொல்லக் கோயிலுக்கு எல்லோரும் வெள்ளையில் வந்தார்கள், கொனாடு மட்டும் கருப்பில். "ஏண்டி, செத்தது உன் புருஷனா, இன்னும் கருப்பக் கழட்ட மனசில்லையா?" என்று பெரியம்மா எல்லோர் முன்னாலும் கேட்டாள். இஸ்திரிப் பெட்டி வெள்ளையைக் கருக்கிவிட்டது என்றாள் கொனாடு. ஆடக் கூப்பிட்டார்கள், வரவில்லை, பிளாஸ்டிக் நாற்காலியிலேயே இருந்தாள், எழுந்தபோது ஒரு கையால் துணியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்… வெள்ளையில் கறை தெரியும். போன வருஷமா. அப்போது இரண்டு வருஷம் எங்கே ஆகியிருந்தது, ஒன்றரைகூடச் சரியாக… இல்லை, அது வேறு ஏதோ, மழை ஈரமாக இருந்திருக்கும், கூடாரம் ஒழுகியது, ஒழுகியதா? டாக்டருக்குத் தெரியாது. இறங்கிப் போன் செய்யலாம். செய்து என்ன சொல்ல, அந்த விரலையும் மடக்குங்கள் என்றா?

வாசலில் கொனாடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து, நாற்காலி போட்டு, குவளையில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். எதிரே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"இங்க எல்லாரும் சுகம். வழி நடந்து வந்தவ நீ. என்ன சேதி?"

"என்னக்கா இது, நான் என்ன விருந்தாளியா?"

"முறைப்படி கேக்கறேன். முறைப்படி சொல்லு."

முறைக்கு ஒரு முதல் வரி உண்டு, சாவு சொல்ல வந்தவன்கூட அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பான். அஃப்ரியே தண்ணீரைக் குடித்தாள். "கெட்டது எதுவும் கொண்டு வரலை" என்றாள். இனி இரண்டாவது வரி, அதில்தான் உண்மைச் சேதி.

"சந்தோஷம்" என்று கொனாடு கையை நீட்டிக் குவளையை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, நாளைக்கு டாக்டர் உன்னை வரச் சொன்னாரு. எப்ப ஆரம்பிச்சதுன்னு…"

"ஈஸ்டர் கழிஞ்சு. அப்படித்தானே சொன்னே?"

"அப்படித்தான் சொன்னேன்."

"அப்ப அதையே வெச்சுக்க" என்றாள் கொனாடு, இவள் முகத்தைப் பார்க்காமல். எதுவும் நடக்காதது போல முறத்தை இருவருக்கும் நடுவில் இழுத்து வைத்தாள்.

அஃப்ரியே கீரையில் கை வைத்தாள். எந்தத் தேதியைச் சொன்னாலும் அந்தப் புள்ளிகள் இருக்கிற இடத்தில்தான் இருக்கும், ஒன்று கூடப்போவதில்லை, ஒன்று குறையப்போவதில்லை, அது தெரிகிறது… ஆனாலும் நாளைக்கு டாக்டர் மறுபடி கேட்டால், அக்கா வாயைத் திறப்பதற்கு முன்னால், ஈஸ்டர் என்று முந்திக்கொண்டு சொல்லப்போவது தானாகத்தான் இருக்கும் போலிருந்தது.