அவர் பங்கு சூப்

முதியோர் இல்லத்தின் சமையலறை, அங்கே தங்கியிருக்கும் தையற்காரம்மாவுக்குத் தரவேண்டிய பாக்கி இருநூற்று அறுபது ரூபாய். கொட்டிய சூப் ஒரு டப்பாவுக்கு இருபது என்று அவரே விலை போட்டு, அவரே கூட்டி வைத்த கடன்.

தன் சூப்பில் பாதியை, எப்போதோ இறந்துபோன கணவருக்கென்று எடுத்துவைப்பார் தையற்காரம்மா. முன்பெல்லாம் துணி அலமாரியில் ஒளித்துவைத்து, புளித்த பின் தானே குடித்து, வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தார். இன்னொரு தடவை அந்த உடம்பு தாங்காது என்றார் மருத்துவர். அதனால் பாத்திரம் கழுவுகிறவள் ஒரு வழி செய்தாள். பரிமாறும் முன்பே பாதியை டப்பாவில் மூடி, பெயரும் வைத்த நாளும் கொட்டவேண்டிய நாளும் எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜில் வைத்தாள்.

"ரெண்டாவது தேதி எதுக்குடி?"

"அதுக்குள்ள சாப்பிட்டுடணும்மா."

"அப்ப அதுக்குள்ள வந்துடுவாருன்னு சொல்லு!"

இல்லை என்று சொல்ல மனமில்லாமல் இவள் டப்பாவை ஃபிரிட்ஜுக்குள் தள்ளினாள்.

அன்றிலிருந்து, அந்தத் தேதி வந்தால் தையற்காரம்மா தலைவாரிக்கொண்டு ஃபிரிட்ஜின் முன் நிற்பார். கதவு திறந்ததும் வெண்புகை வழிந்து அவர் காலைச் சுற்றும். உள்ளிருந்த வெளிச்சத்தில் யாரோ செருப்பைத் தேடிக்கொண்டு வருவதுபோல் பார்த்துக்கொண்டேயிருப்பார். அவர் போன பிறகு இவள் கொட்டுவாள். மறுநாள் கடனில் இருபது ஏறும்.

"என்ன கடன்காரி, எப்ப அடைக்கப்போறே?" என்று சமையல் மாஸ்டர் இவளைப் பார்த்துச் சிரிப்பார்.

இன்று தையற்காரம்மா அழுதுவிட்டார். "இன்னும் ரெண்டு நாள் வைடி. கண்டிப்பா வருவாரு."

இவள் பழைய சீட்டை உரித்தாள். புதுச் சீட்டில் ஒரு தேதி எழுத எவ்வளவு நேரம்? அழுகை நின்றுவிடும். பேனா ஒட்டிக்கொண்டதுபோல் நின்றது. சுருண்டு கிடந்த அந்த உடம்பு கண்ணுக்குள் வந்தது.

"அம்மா, இதுக்கு நாள் முடிஞ்சுடுச்சு. கொட்டப்போறேன். அவரு வரல."

முதல் தடவையாக அவர் கண்முன்னேயே ஊற்றினாள். தொட்டியில் சூப் மெல்லச் சுழன்று இறங்கியது. கடைசிச் சுழி அடங்கும்வரை தையற்காரம்மா பார்த்திருந்தார்.

"ஆறினதைக் குடுத்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு," என்றார் கடைசியில். "அடுப்புல என்ன?"

"இன்னிக்கு வச்ச சூப்பு."

"பாதி எடுக்காதே. முழுசா ஊத்து."

ஆவிக்குள் முகத்தை வைத்து, ஊதி ஊதி, அடிவரை குடித்தார். கோப்பையை நீட்டினார்.

"அவரு பங்கையும் நானே குடிச்சுட்டேன். இனி உங்கிட்ட என்னத்தக் கேக்குறது? அந்த இருநூத்தி அறுபது பாக்கியையும் தள்ளுபடி பண்ணிட்டேன், போ."