முந்நூறு மீட்டர் கேபிள்

மந்தாரக்குப்பத்தை ஒட்டிச் சாம்பல் செங்கல் பட்டறை வைத்திருந்த சவரிராஜுக்கு போர் மோட்டார்தான் பெரிய தொல்லை. ஒரே வருஷத்தில் இரண்டு முறை காயில் கருகிப்போனது. மூன்றாம் முறை புதுக் காயில் கட்டி மாட்டியதும் டவுன்ஷிப்பிலிருந்து பிரபாவதியை அழைத்துவந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்டில் எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவள். ஷிப்ட் இல்லாத நாட்களில் வெளிவேலைக்கும் வருவாள்.

மோட்டார் முனகிக்கொண்டே ஓடியது. அப்போது பேனல் போர்டில் 415 வோல்ட். போர் பக்கம் 368தான். இப்படி வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுத்துக் காயில் கருகும். கேபிள் எவ்வளவு நீளம் என்று கேட்டாள். இடத்தை வாங்கும்போது முந்நூறு மீட்டர் என்று சொன்னார்களாம்.

பிரபாவதி சாம்பல் மூட்டைமேல் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அந்தக் கனத்துக் கேபிளுக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றரை ஓம் இம்பீடன்ஸ். ஓடும் மின்சாரத்திடம் கேபிள் காட்டும் முரண்டு அது. முந்நூறு மீட்டருக்கு 0.45 ஓம். மோட்டார் இழுக்கும் நாற்பது ஆம்பியருக்கு 18 வோல்ட்; மூன்று பேஸ் லைன் என்பதால் அதைப்போல் 1.73 மடங்கு, அதாவது 31 வோல்ட்தான் குறைய வேண்டும். இங்கே 47 குறைகிறது. மீதிப் பதினாறு எங்கே?

ஜாயின்ட் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரு பேஸ்தான் குறையும். மூன்றும் ஒரே அளவாகக் குறைந்திருந்தன. 47 வோல்ட் குறைய எவ்வளவு நீளம் வேண்டும் என்று கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தாள்.

“அண்ணே, உங்க கேபிள் நூத்தம்பது மீட்டர் அதிகமா இருக்கு.”

“மண்ணுக்குள்ள கெடக்கறது ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?”

“கணக்கு அப்படித்தான் சொல்லுது. எங்க இருக்குன்னுதான் தெரியல.”

டேப் பிடித்து அளந்தார்கள். பேனல் போர்டிலிருந்து போர் வரை சரியாக முந்நூறு. சவரிராஜ் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, இடத்தை விற்ற மருதாசலத்துக்கு அவரே போன் போட்டார். முதல் போர் வேலி ஓரத்தில் இருந்ததாம். தண்ணீர் வற்றியதும் கிட்டத்தில் வேறு போர் போட்டு மோட்டாரை மாற்றினாராம்.

“கேபிளை வெட்ட மனசு வரலீங்க. சுருட்டி மோட்டார் ரூம் பின்னால பொதைச்சுட்டேன்.”

மெயினை அணைத்துவிட்டுத் தோண்டினார்கள். இரண்டடி ஆழத்தில் வளையம் வளையமாகக் கேபிள். பிரபாவதி அதை வெட்டி எடுத்து, நேராக இணைத்து, மோட்டாரைப் போட்டாள். போர் பக்கம் இப்போது 384 வோல்ட். முனகல் நின்று ஒரே சீராக ஓடியது. சவரிராஜ் குழாயில் விழும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் சுருளை விரித்து அளந்துகொண்டிருந்தாள். 144 மீட்டர். ஆறு மீட்டர் இடிக்கிறதே என்று யோசித்தபடி கேபிளைத் தொட்டாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மொத்தமாகச் சுருண்டு கிடந்ததில் சூடேறி, முரண்டும் சற்றுக் கூடியிருக்கிறது. அதனால்தான் கணக்கில் நீளம் கூடத் தெரிந்திருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நோட்டை எடுத்துச் சூட்டையும் சேர்த்துக் கணக்குப் போடத் தொடங்கினாள்.