கண்ணுக்குள் எடுத்த படம்

பள்ளிவாசலுக்கு அடுத்த வளவு அத்தாஉல்லா மச்சானுடையது. அதற்கடுத்தது ஹவ்வா மாமியுடையது. அதற்கும் அடுத்தது... யா அல்லாஹ், அங்கே யார் இருந்தார்கள்? பச்சைக் கதவு தெரிகிறது. கதவைத் திறந்துகொண்டு ஒருவரும் வெளியே வரவில்லை.

அறுத்த மீன் கையிலிருக்க, நிஸ்மியா குசினி வாசலில் குந்தியிருந்தாள். புத்தளத்துக் கண் டொக்டரிடம் போய்வந்த ஆறு நாளாக இதே வேலைதான். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை வெளியேற்றியபோது விட்டுவிட்டு வந்த மன்னார்த் தெருவில், மனத்துக்குள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவாள். நேற்று வரை எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது.

சீனி வருத்தக்காரர் வருசத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டவேண்டும் என்று மகள் ஸஹ்னாதான் கூட்டிப்போனாள். ஒரு மெஷினில் நாடியை வைத்து வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லி, கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். டொக்டர் சின்ன வயதுப் பிள்ளை. படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, தாய் தகப்பனுக்கு என்ன வருத்தம் இருந்தது என்று கேட்டாள்.

"உம்மாட உம்மாக்கு மறதி வருத்தம்" என்று ஸஹ்னா முந்திக்கொண்டாள்.

"கண்ணுக்குப் பின்னால இருக்கிற திரையில ஒரு நரம்புப் படை இருக்கு. உங்கட வயசுக்கு அது கொஞ்சம் கூடுதலா மெலிஞ்சிருக்கு. சீனியாலயும் வரலாம். மறதி வருத்தம் வரக்கூடிய சில பேருக்கும் இப்படி இருக்கலாமெண்டு ஆராய்ச்சி செய்யிறவங்க சொல்றாங்க. இந்தப் படத்த மட்டும் வச்சு ஒண்டும் முடிவு செய்யேலாது. கொழும்பில ஒருக்கா ஞாபகச் சோதனை செய்து பாருங்க."

நிஸ்மியாவின் காதில் 'மெலிஞ்சிருக்கு' மட்டும்தான் நின்றது.

உம்மா கடைசி இரண்டு வருசம் புத்தளத்துப் பக்கத்து இந்தக் கரைத்தீவு வீட்டில்தான் கிடந்தாள். பொய்ப்பல்லை அரிசி வாளிக்குள் தானே ஒளித்துவைத்துவிட்டு, "நீதான்டி எடுத்தாய்" என்று நிஸ்மியாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. கண்ணால் கண்டவளைப் போல அடித்துச் சொன்னாள். மறந்துபோனால்கூடப் பரவாயில்லை. பிழையான நினைவு ஒன்று வந்து சரியான நினைவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டால், உள்ளே இருக்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

அஸர் தொழுகைக்குப் பிறகு தம்பி முஹ்ஸின் வந்தான். கதிரையில் உட்காருமுன்பே கடதாசியை நீட்டினான்.

"தேத்தண்ணி பொறகு குடிக்கலாம் ராத்தா. முதல்ல இதில ஒரு சைன் வைங்க."

சத்தியக் கடதாசி. சண்டை முடிந்து ஒன்பது வருசத்துக்குப் பிறகு மன்னார்க் காணிக்கு விசாரணை வந்திருந்தது. காணி உறுதிப் பத்திரம், ஊரைவிட்டு வந்தபோதே தொலைந்துவிட்டது. உயிரோடு இருக்கிறவர்களில் மூத்தவள் நிஸ்மியா. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். பக்கத்து வளவு இன்னாசிப்பிள்ளைக்கும் தங்களுக்கும் இடையிலிருந்த கிணறு முழுவதும் வாப்பாவுடையதாம். இன்னாசிப்பிள்ளை வீட்டார் உத்தரவு கேட்டுத்தான் தண்ணீர் அள்ளினார்களாம்.

"அது பங்குக் கிணறெல்லோ தம்பி? வேலி கிணத்துக்கட்டில வந்து நிண்டு, மற்றப் பக்கத்தால திரும்பத் தொடங்கும். நடுவில மறைப்புக்கு ஓலைக் கிடுகு கட்டியிருந்திச்சு. அங்கால அவங்கட வாளி, இங்கால எங்கட வாளி."

"உங்களுக்கு அப்படித் தோணுது."

"தோணுதா?"

முஹ்ஸின் குரலைத் தாழ்த்தினான். "கோவிக்காதீங்க ராத்தா. ஸஹ்னா எல்லாம் சொன்னா. டொக்டரே படம் எடுத்துக் காட்டியிருக்காங்க. உம்மாக்கும் இப்படித்தானே தொடங்கினது."

நிஸ்மியா கிடுகை மறுபடியும் மனத்தில் கொண்டுவந்து பார்த்தாள். அதன் கீழ்ப்பக்கம் ஈரத்தில் கறுத்திருந்தது. அதற்கு அப்பால் இன்னாசிப்பிள்ளையின் மனைவி இருமிக்கொண்டே வாளியை இறக்கினாள். எல்லாம் துலக்கமாக இருந்தது. உம்மாவுக்கும் அந்தப் பொய்ப்பல் திருட்டு இவ்வளவு துலக்கமாகத்தானே இருந்திருக்கும்?

"ஒனக்கு அப்ப எத்தின வயசு?"

"பன்னெண்டு. ஆனா எனக்குக் கண்ணுக்குள்ள ஒண்டும் மெலியல்ல."

"அப்ப நீயே சைன வை."

"பன்னெண்டு வயசுல பாத்தத ஆரு எடுப்பாங்க? உங்கட பேர்தான் வேணும். புதன்கிழம விசாரண. நீங்க மறந்து போனாப் பொறகு எங்கட பிள்ளையள்ட ஹக்குக்கு, உரிமைக்கு ஆரு சாட்சி?"

"சைன் வைக்க என்ட மூளை போதும். கிணத்த நினைக்க மட்டும் போதாதாக்கும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டு பேனையை அவள் விரல்களுக்கிடையில் வைத்தான். "அல்லாஹ்வுக்காக ராத்தா. பயப்படாம வைங்க."

பயம்தான். இவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். கிணறு, கிடுகு, இருமல் எல்லாமே அந்த மெலிந்த இடத்திலிருந்து முளைத்தவையாக இருக்கலாம். அப்படியில்லை என்று சொல்ல அவளிடம் அவளைத் தவிர வேறு சாட்சி இல்லை.

"நான் சொல்றது பிழையாவும் இரிக்கலாம் தம்பி." "ஆனா நான் மறந்து போனாலும் இந்தக் கடதாசி மறக்காது. ஒருநாளைக்கு நான் கேட்டா நீ இதத்தான் எனக்கு வாசிச்சுக் காட்டுவாய். உங்கட சைன்தானே உம்மா எண்டு ஸஹ்னாவும் சொல்லுவா. நானும் நம்பிருவன்."

அவள் கடதாசியை மடித்து அவனுடைய மடியில் வைத்தாள். அதன் மேல் பேனையையும் வைத்தாள்.

"பங்கெண்டு எழுதிக் கொண்டா, வைக்கிறன். இதில வைக்க மாட்டன்."